சனிக்கிழமையின் நிறம்

செத்துப் பதினொரு நாள் ஆன பிறகும் கிரிஷான் தினமும் காலை ஆறு மணிக்கு வேலைக்கு வந்துகொண்டிருந்தான்.

"உசுரோட இருக்கிற நானே ஒம்பது மணிக்குத்தான் அக்கா வரேன்," என்றான் விமலன், லேப்டாப்பை இராசமலரின் பக்கம் திருப்பியபடி.

திரையில் ஆக்லாந்து வரைபடம். கரையோரம் முழுக்கப் பச்சையும் சிவப்புமாய்ப் புள்ளிகள். பச்சை என்றால் அந்தக் கடற்கரையில் இன்று குளிக்கலாம், சிவப்பு என்றால் தண்ணீரில் கழிவு கலந்திருக்கலாம். அதற்குக் கீழே எந்தத் தெருவுக்கு என்றைக்குக் குப்பை வண்டி, எந்த வீட்டுக்குக் கட்டட அனுமதி என்று பட்டியல் ஓடியது. எல்லாமே நகராட்சிக் கவுன்சில் தன் இணையதளத்தில் முப்பது நாற்பது பக்கங்களில் சிதறலாகப் போட்டு வைத்திருந்த விவரங்கள்தான். கிரிஷான் எழுதிய ப்ரோகிராம் அவற்றை அள்ளி வந்து ஒரே பக்கத்தில் அடுக்கியது. கட்டணம் இல்லை, விளம்பரம் இல்லை. மேல் மூலையில் தேதி மட்டும்: 2014 பிப்ரவரி 19, காலை 6.00.

"கம்ப்யூட்டருக்கு ஆள் செத்தது தெரியாது," என்றாள் இராசமலர். "அதை விடும். தெரிஞ்ச ஆக்களைப் பாப்பம்."

இராசமலருக்கு ஐம்பத்திரண்டு வயது. யாழ்ப்பாணத்தில் பிறந்து, ஆக்லாந்தில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பதினெட்டு வருடம் பொய் இழப்பீட்டுக் கோரிக்கைகளைத் தோண்டியவள். இப்போது பிளாக்ஹவுஸ் பே கடைத்தெருவில், ஃபிஷ் அண்ட் சிப்ஸ் கடைக்கு மேல் மாடியில் தனியாகத் துப்பறியும் அலுவலகம். உதவிக்கு ஈப்போவிலிருந்து வந்த விமலன். வாயை மூடிக்கொண்டு இருக்கும் வேலை என்று நினைத்து அவன் சேரவில்லை. அவளும் அப்படி நினைத்து அவனைச் சேர்க்கவில்லை.

நேற்று அந்த மாடிப்படியை மரியநாயகி ஏறி வந்திருந்தார். மன்னாரைச் சேர்ந்தவர், முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை, மவுண்ட் ஆல்பர்ட்டில் ஓர் அறை வீடு. ஒரே மகன் கிரிஷான். இருபத்தேழு வயது. பிளாக்ஹவுஸ் பேயில் குலசிங்கம் என்பவரின் வீட்டுக் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருந்தவன். பிப்ரவரி ஒன்பது, ஞாயிற்றுக்கிழமை, நாயோடு நடக்கப் போன ஒருவர் விரிகுடாவின் கற்களுக்கு நடுவே அவனுடைய உடலைப் பார்த்தார். நீச்சல் கால்சட்டை. கரையில் மடித்து வைத்த உடுப்பு. உடுப்பின் மேல் அவனுடைய மூக்குக் கண்ணாடி.

நுரையீரலில் கடல்நீர், பின்தலையில் அடி. சனிக்கிழமை காலையில் நீந்தப் போனவன் பாறையில் அடிபட்டு மூழ்கிவிட்டான் என்று போலீஸ் முடிவுக்கு வந்திருந்தது.

"அவனுக்குக் கண்ணாடி இல்லாமல் தன்ர கையே தெரியாது," என்று மரியநாயகி சொல்லியிருந்தார். "நீந்துறதுக்கெண்டு பவர் போட்ட கண்ணாடி தனிய வச்சிருந்தவன். அது அவன்ர மேசை லாச்சிக்குள்ள கிடக்குது. அது இல்லாமல் என்ர பிள்ளை கடலுக்குள்ள காலை வைக்கமாட்டான்."

அவர் விட்டுப்போன காகிதங்கள் மேஜையில் கிடந்தன. உறவினர் என்ற முறையில் அவருக்குக் கிடைத்த பிரதிகள். அவற்றிலிருந்து இரண்டை மட்டும் இராசமலர் அருகருகே வைத்தாள்.

"குலசிங்கம் பொலிசுக்கு ரெண்டு தரம் வாக்குமூலம் குடுத்திருக்கிறார். வாசியும்."

விமலன் வாசித்தான். "ஒம்பதாம் தேதி: 'சனிக்கிழமை காலைல நீந்தப் போறேன்னு சொல்லிட்டுப் போனான்.' ஒரே வரி. பன்னிரண்டாம் தேதி... இது பெருசா இருக்கு. 'காலை ஏழு மணிக்கு என் கிச்சனுக்கு வந்தான். போனில் அவனுடைய வெப்சைட்டைக் காட்டினான். பிளாக்ஹவுஸ் பே பச்சையாக இருந்தது. அங்கிள், இன்றைக்குத் தண்ணீர் சுத்தம், குளிக்கப் போகிறேன் என்றான்.'" அவன் நிமிர்ந்தான். "நமக்கெல்லாம் நாள் போகப் போக மறக்கும். இவருக்கு ஊறுது."

"நடுவில என்ன நடந்தது?"

"பதினோராம் தேதி அந்தம்மா போலீஸ்கிட்ட நீச்சல் கண்ணாடி விஷயத்தைச் சொன்னாங்க. போலீஸ் திரும்பப் போய் அவரைக் கேட்டாங்க. இவரு பச்சைன்னு சொன்னாரு. போலீஸ் கவுன்சில் வெப்சைட்டைப் பார்த்தாங்க, எட்டாம் தேதி சனிக்கிழமை பச்சை. சரியா இருக்குன்னு ஃபைலை மூடிட்டாங்க. நானும் இப்பப் பார்த்தேன், பச்சைதான்."

"நீரும் பொலிசும் பாத்தது இண்டைக்குக் காட்டுற சனிக்கிழமையை," என்றாள் இராசமலர். "சனிக்கிழமை அண்டைக்குக் காட்டின சனிக்கிழமை எங்க?"

விமலன் கார் சாவியை எடுத்தான்.

கிரிஷானின் பக்கத்தை அவனோடு சேர்ந்து நடத்தியவள் சுரேகா. மதுரைக்காரி, வங்கியொன்றில் கணினி வேலை, வீடு எப்சமில்.

"இந்த ஏரியாவுல வீட்டுக்கு வாடகை குடுக்கிறதில்ல அக்கா," என்றான் விமலன், மூன்றாவது முறையாகப் பார்க்கிங் தேடிச் சுற்றியபடி. "பக்கத்து ஸ்கூல்ல சீட்டுக்குக் குடுக்கிறாங்க. வீடு அதோட சும்மா வருது."

கதவைத் திறந்தது சீருடையில் ஒரு சிறுமி. உள்ளே பார்த்து ஆங்கிலத்தில் அம்மாவைக் கூப்பிட்டுவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். சுரேகா அவர்களைச் சாப்பாட்டு மேஜையில் உட்கார வைத்தாள். கண்கள் வீங்கியிருந்தன.

"அந்தப் பக்கத்தை நிறுத்திடலாமான்னு தினமும் யோசிக்கிறேன்," என்றாள். "காலையில ஆறு மணிக்கு அது ஓடினதும் எனக்கு ஒரு மெயில் வரும். அவன் பேர்ல. நிறுத்தவும் மனசு வரல. மூவாயிரம் பேர் பாக்குறாங்க. பாதிப் பேருக்குக் குப்பை நாள் எதுன்னுகூட வேற எங்க பார்க்கிறதுன்னு தெரியாது."

"கவுன்சில் தன்ர பக்கத்தை மாத்தினால் உங்கட பக்கமும் மாறுமோ?" என்று கேட்டாள் இராசமலர்.

"ஆமா, மாறும். ஆனா மாறுறதுக்கு முன்னாடி இருந்ததை நாங்க தூக்கிப் போடுறதில்ல. கவுன்சில் பக்கங்களை மணிக்கு ஒரு தடவை அப்படியே காப்பி எடுத்து வச்சிருவோம். கிரிஷான்தான் பிடிவாதமா சொன்னான். அவங்க ஏமாத்துறாங்கன்னு இல்ல, திருத்துறாங்க. திருத்தினா பழசு போயிடும். அன்னைக்கு ஜனங்க எதைப் பார்த்தாங்கன்னு யாருக்கும் தெரியாமப் போயிடும்னு சொல்லுவான்."

"எட்டாந்திகதி காலமை ஏழு மணிக்கு எடுத்த கொப்பியைக் காட்டுங்கோ."

சுரேகா தட்டினாள். கோப்புகளின் நீளமான பட்டியல் வந்தது. ஒன்றைத் திறந்தாள்.

பிளாக்ஹவுஸ் பே, சிவப்பு.

சுரேகா முந்தைய நாளுக்குப் போனாள். வெள்ளி மாலை ஐந்து மணியிலிருந்து சிவப்பு. பக்கத்தில் சிறிய குறிப்பு: அருகில் கழிவுநீர்க் குழாய் வேலை நடப்பதால் முன்னெச்சரிக்கை, ஆய்வு முடிவு பின்னர் வரும். அவள் முன்னால் நகர்ந்தாள். சனி முழுக்கச் சிவப்பு. ஞாயிறும் சிவப்பு. திங்கள் மாலை ஆய்வு முடிவு வந்திருந்தது. தண்ணீர் சுத்தமாகத்தான் இருந்திருக்கிறது. அன்று மாலையே சனிக்கிழமையின் நிறத்தைக் கவுன்சில் பச்சையாக மாற்றிவிட்டது.

"அப்போ சனிக்கிழமை காலையில கிரிஷான் போனில பச்சை தெரிஞ்சிருக்கவே முடியாது," என்றாள் சுரேகா மெதுவாக.

"சனிக்கிழமை ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது," என்றாள் இராசமலர். "திங்கள் பின்னேரத்துக்குப் பிறகு பாத்த ஆளுக்குத்தான் தெரியும். செவ்வாய்க்கிழமை பொலிஸ் திரும்பக் கேள்வி கேக்க, ஆரோ ஒராள் வெப்சைட்டைப் பாத்து, பதிலைப் பாடமாக்கிப்போட்டுப் புதன்கிழமை சொல்லியிருக்கிறார்."

"தேவையில்லாம ஒரு நிறத்தைச் சேர்த்தாரு," என்றான் விமலன். "சும்மா நீந்தப் போனான்னு விட்டிருந்தா ஃபைல் தானாவே தூங்கியிருக்கும்."

சுரேகா வேறொரு சன்னலைத் திறந்தாள். "இன்னொன்னு இருக்கு. இது முக்கியமான்னு தெரியல. வெள்ளிக்கிழமை சாயங்காலம் புதுசா ஒண்ணு சேர்த்தான். ஒரு முகவரியைத் தட்டினா அந்த வீட்டுக்குக் கவுன்சில் குடுத்த கட்டட அனுமதி எல்லாம் வரும். சோதிச்சுப் பார்க்க ஒரே முகவரியை மூணு தடவை தட்டியிருக்கான்."

"ஆற்ற முகவரி?"

"அவன் குடியிருந்த வீடு. வீடு கட்டினப்போ வாங்கின அனுமதி ஒண்ணு வருது. அதுக்கப்புறம் எதுவும் இல்ல."

இராசமலர் எழுந்தாள். "நல்லது தங்கச்சி. அந்தப் பக்கத்தை நிப்பாட்டாதேங்கோ."

குலசிங்கத்தின் வீடு சரிவில் நின்றது. தெருவிலிருந்து பார்த்தால் ஒரு தளம், பின்னாலிருந்து பார்த்தால் இரண்டு. அவர் கதவைத் திறந்தபோது மாலை நான்கு மணி. ஐம்பத்தெட்டு வயது, அகலமான கைகள், விரல் இடுக்கில் மரத்தூள். வீடுகளுக்குச் சமையலறையும் மரத்தளமும் போட்டுக் கொடுக்கும் தச்சர். மனைவி ஒரு மாதமாக ஊரில். மரியநாயகியும் பத்து வயதுக் கிரிஷானும் முதன்முதலில் இந்த நாட்டில் இறங்கியபோது விமான நிலையத்துக்கு வேன் கொண்டுபோனவர் இவர்தான்.

"மரியநாயகி அக்கா அனுப்பினவவோ?" என்றார். "வாங்கோ. அந்த மனுசிக்கு மனம் ஆறுதில்லை. எனக்கு விளங்குது."

தேநீர் போட்டார். சமையலறைக்கு வெளியே டெக், பலகைகளால் ஆன அகலமான தளம், கடலைப் பார்த்து நீண்டிருந்தது. விமலன் கோப்பையோடு அங்கே போனான். எட்டிப் பார்த்தான். நான்கு மீட்டர் கீழே சிமெண்டுப் பாதை.

"சனிக்கிழமை காலமை நடந்ததை ஒருக்காச் சொல்லுங்கோ அண்ணை," என்றாள் இராசமலர்.

சொன்னார். ஏழு மணி, போன், பச்சை, அங்கிள் தண்ணீர் சுத்தம். ஒரு சொல்லும் மாறவில்லை.

"பச்சையெண்டு வடிவாத் தெரிஞ்சதோ?"

"ஓம். என்ர கண்ணுக்கு முன்னால காட்டினவன்."

சுரேகா அச்சிட்டுத் தந்த காகிதத்தை அவள் மேஜையில் விரித்தாள். அவர் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார்.

"இது அண்டைக்கு ஏழு மணிக்கு எடுத்த கொப்பி. சிவப்பு. திங்கட்கிழமை பின்னேரம் வரைக்கும் இந்த உலகத்தில ஒருத்தரும் பச்சையைக் காணேல்லை, அண்ணை."

"அப்ப... எனக்குப் பிழையா விளங்கியிருக்கும். வேற கடற்கரையைக் காட்டியிருப்பான்."

"இருக்கலாம்," என்றாள் இராசமலர்.

வெளியிலிருந்து விமலனின் குரல் வந்தது. "அங்கிள், கிறிஸ்மஸ் முடிஞ்சு ரெண்டு மாசமாச்சு. இந்தப் பக்கத்துக்கு மட்டும் இப்பப் புதுச்சட்டை எடுத்திருக்கீங்க."

இராசமலர் எழுந்துபோய்ப் பார்த்தாள். தளத்தைச் சுற்றி மூன்று பக்கமும் இடுப்புயரக் கைப்பிடி. இரண்டு பக்கம் வெயிலில் சாம்பல் பூத்து, விளிம்பு உக்கிப்போன பழைய மரம். கடலைப் பார்த்த பக்கம் மட்டும் மரத்தின் மஞ்சள் இன்னும் மங்கவில்லை. திருகாணிகள் பளபளத்தன.

"ஒரு பக்கம் மட்டும் ஏன் மாத்தினீங்கள்?"

"உக்கிப் போச்சு."

"மற்ற ரெண்டும்தான் உக்கியிருக்கு." அவள் திரும்பி வந்து அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். "இவ்வளவு உயரத்தில தளம் அடிக்கிறதெண்டால் கவுன்சில் அனுமதி வேணும். நீங்கள் தச்சர், எனக்கு நீங்கள்தான் அதைச் சொல்லோணும். இந்த வீட்டுக்கு அப்பிடி ஒண்டு இல்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் கிரிஷான் மூண்டு தரம் தேடிப் பாத்திருக்கிறான்."

குலசிங்கம் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் குளிர்சாதனப் பெட்டி உறுமி நின்றது. பக்கத்து வீட்டில் யாரோ புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அவன் எனக்கு முதலே சொன்னவன்," என்றார் கடைசியில். "மூண்டு கிழமைக்கு முன்னம். அங்கிள், இது பதிவில இல்லை, கைப்பிடி ஆடுது, விண்ணப்பத்தை நானே நிரப்பித் தாறன் எண்டு. நான்தான் பிறகு பாப்பம் பிறகு பாப்பம் எண்டு விட்டனான்."

"சனிக்கிழமை?"

"காலமை அஞ்சரை இருக்கும். கீழ இருந்து மேல வந்து, பல்லு விளக்கிக்கொண்டு கைப்பிடியில சாய்ஞ்சவன். எப்பவும் அப்பிடித்தான் நிப்பான். நான் குசினிக்குள்ள, அடுப்படியில நிண்டனான். மரம் முறிஞ்ச சத்தம்தான் கேட்டது. அவன் கத்தேல்லை." கோப்பையைக் கீழே வைத்தார். "ஓடிப்போய்ப் பாத்தன். தலைக்குக் கீழ ரத்தம். கூப்பிட்டன், அசையேல்லை. மூக்கில கை வச்சன், மூச்சு இல்லை. நாடி பாத்தன், என்ர கைதான் நடுங்கினது. அவன் முடிஞ்சிட்டான்."

"அம்புலன்சைக் கூப்பிடேல்லை."

"செத்த பிள்ளைக்கு அம்புலன்ஸ் என்னத்துக்கு, தங்கச்சி? அவன் சொல்லியும் நான் செய்யேல்லை. அதில விழுந்து செத்திருக்கிறான். விபத்தெண்டு ஆர் நம்புவினம்? என்னை உள்ள போடுவாங்கள். மனுசி ஊரில, ஒண்டும் தெரியாது. கடல் கிட்டத்தானே எண்டு ஒரு எண்ணம் வந்தது. அவன்ர நீச்சல் கால்சட்டையை எடுத்துப் போட்டன். வேன் பின்பக்கம் பலகைகளோட வச்சன். தண்ணி நல்லா ஏறி நிண்டது. கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டுபோய் உடுப்புக்கு மேல வச்சனான். தாய்க்காறி எடுத்து வச்சிருப்பா எண்டு."

விமலன் கதவருகே வந்து நின்றிருந்தான்.

இராசமலர் பையிலிருந்து இன்னொரு காகிதத்தை எடுத்தாள். மரியநாயகி கொடுத்தவற்றில் ஒன்று. அதை நீட்டவில்லை, மடியில் வைத்துக்கொண்டாள்.

"அண்ணை, பிரேதப் பரிசோதனை அறிக்கையை ஆரும் உங்களுக்கு வாசிச்சுக் காட்டினவையோ?"

"இல்லை. மூழ்கினதெண்டு பொலிஸ் சொன்னது. நான் பேசாமல் இருந்திட்டன். அவை அப்பிடி நினைச்சது எனக்கு நல்லதாப் போச்சு."

"அவை நினைக்கேல்லை. நுரையீரல் முழுக்கக் கடல்தண்ணி இருந்தது. அதனாலதான் மூழ்கினதெண்டு எழுதினவை." அவள் நிறுத்தினாள். "செத்த ஆள் தண்ணியை உள்ளுக்கு இழுக்கமாட்டான்."

அவர் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முதலில் முகத்தில் எதுவும் மாறவில்லை. கணக்குப் புரியாத பிள்ளை பலகையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு வாய் கொஞ்சம் திறந்தது.

"மூச்சு இல்லை," என்றார். "நான் கை வச்சுப் பாத்தனான்."

"ஓம். உங்கட கை நடுங்கினதெண்டு சொன்னீங்கள்."

"மூச்சு இல்லை, தங்கச்சி."

"தண்ணியில விடேக்க அவன் உயிரோட இருந்தவன்."

குலசிங்கம் எழுந்திருக்கப் பார்த்தார். நாற்காலியின் கைப்பிடி வழுக்கித் தரையில் உட்கார்ந்தார். அழவில்லை. வலது கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். அதைச் சட்டையில் துடைத்தார். மறுபடி பார்த்தார். மறுபடி துடைத்தார்.

"பொலிசுக்கு நீங்கள் எடுக்கிறீங்களோ, நான் எடுக்கவோ?"

அவரால் எண்ணை அமுக்க முடியவில்லை. விமலன் அமுக்கி, போனை அவர் காதில் பிடித்துக்கொண்டான். அவர் பெயரையும் முகவரியையும் ஆங்கிலத்தில் சொன்னார். என்ன நடந்தது என்று மறுமுனை கேட்டபோது தமிழில் பதில் சொல்லத் தொடங்கினார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு இராசமலரும் விமலனும் மவுண்ட் ஆல்பர்ட்டுக்குப் போனார்கள். பத்து மணிக்குப் போலீஸ் வரும். அதற்கு முன் மரியநாயகி இதைத் தமிழில் கேட்க வேண்டும் என்று இராசமலர் நினைத்தாள். அதிகாரியிடம் பேசி அனுமதி வாங்கியிருந்தாள்.

எதையும் குறைக்காமல் சொன்னாள். மரம், சிமெண்டு, வேன், தண்ணீர். மரியநாயகி இல்லத்துச் சீருடையில் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து கேட்டார். ரயிலொன்று ஜன்னலை அதிர வைத்துக்கொண்டு போனது.

"தண்ணியில விடேக்க அவனுக்கு நினைவு இருந்ததோ?"

இராசமலர் இல்லை என்று சொல்லியிருக்கலாம். "தெரியாது அக்கா," என்றாள். "டொக்டராலயும் சொல்லேலாது."

மரியநாயகி தலையாட்டினார். பிறகு கேட்டார்:

"அந்த வீட்டில இருந்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்?"

இராசமலர் விமலனைப் பார்த்தாள்.

"டிராஃபிக்கைப் பொறுத்தது அம்மா," என்றான் அவன்.

"காலமை அஞ்சரைக்கு?"

"சரியாத் தெரியலம்மா."

"நாளைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போங்கோ."

போனார்கள். குலசிங்கத்தின் வீட்டு வாசலில் போலீஸ் நாடா கட்டியிருந்தது. காலை ஐந்தரை, தெருவில் ஓர் ஆள் இல்லை. விமலன் காரைத் திருப்பி நிறுத்தினான். பின் இருக்கையில் மரியநாயகி கைக்கடிகாரத்தைப் பார்த்து, "இப்ப எடுங்கோ," என்றார்.

அவன் வேகமாகவும் ஓட்டவில்லை, மெதுவாகவும் ஓட்டவில்லை. சிக்னல்கள் சில பச்சை, இரண்டு சிவப்பு. சிவப்பில் நின்றபோது மரியநாயகி மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். பேக்கரி ஒன்றில் விளக்கு எரிந்தது. ஒரு பாலத்தைத் தாண்டும்போதும் கிழக்கு வெளுத்திருக்கவில்லை.

அவசரப் பிரிவின் முன்னால் கார் நின்றதும் மரியநாயகி இறங்கினார். கண்ணாடிக் கதவுகள் தானாகத் திறந்தன. உள்ளே வெளிச்சம். நீலச் சட்டை போட்ட தாதி ஒருத்தி எழுந்து வந்து, யாருக்கு என்ன, நோயாளி காரில் இருக்கிறாரா என்று கேட்டாள். உருளும் கட்டிலொன்றைக் கையோடு தள்ளிக்கொண்டு வந்திருந்தாள்.

மரியநாயகி அந்தக் கட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெள்ளை விரிப்பு சுருக்கமில்லாமல் இழுத்து விரிக்கப்பட்டிருந்தது. அவர் கையை நீட்டி அதை ஒரு முறை தொட்டார். தாதியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்து காரில் ஏறினார்.

"பதினாறு நிமிஷம்," என்றார்.

கதவைச் சாத்தினார். வேலைக்கு நேரமாகிவிட்டது, இல்லத்தில் இறக்கிவிடுங்கள் என்று சொன்னார்.